கதவுக் கோழிக்கு இரண்டு சீட்டு

ஒரு பொருளைச் செய்ய இரண்டு கை போதும். அதற்கு விலை சொல்லத்தான் நெஞ்சில் உரம் வேண்டும். பெரியவளுக்கு அது கிடையாது. யாராவது "இது என்ன விலை?" என்று கேட்டுவிட்டால் அவள் காது மடல் சிவந்துவிடும். கை தானாகக் கத்தரிக்கோலைத் தேடும். வாய் பாதி விலையைச் சொல்லும், சொன்ன சூட்டோடு அதிலும் பாதியைக் குறைக்கும், கடைசியில் "உங்களுக்கு எது தோணுதோ அதக் குடுங்க" என்று முடிக்கும். வாங்க வந்தவர்களே வெட்கப்பட்டு அதிகம் கொடுத்துவிட்டுப் போன நாளும் உண்டு.

அவள் செய்தது கதவுக் கோழி. காற்றில் கதவு படாரென்று சாத்திக்கொள்ளாமல் இருக்க, அதன் அடியில் முட்டுக்கொடுத்து வைக்கிற துணிப் பொம்மை. திரைச்சீலைக் கடையில் மிஞ்சிய கெட்டித் துணியை முக்கோணமாகத் தைத்து, அலசி உலர்த்திய மணலை வயிற்றில் நிரப்பி, அலகும் கொண்டையும் வைத்து மூடினால் கோழி தயார். ஒவ்வொன்றும் இரண்டு கிலோ இருக்கும். புது வீடு போகிறவர்களுக்குப் பரிசாகக் கொடுக்கத் தோதான பொருள்.

முதலில் எல்லாக் கோழிக்கும் கண் என்பது இரண்டு கறுப்புப் பொத்தான்தான். ஒருநாள் கொழுந்தனின் மனைவி சின்னவள், சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், ஒரு கோழியின் பொத்தான்களைப் பிய்த்துப் போட்டுவிட்டு நூலால் கண் தைத்தாள். ஒரு புருவத்தை மட்டும் மேலே தூக்கிவிட்டாள். அவ்வளவுதான். "என் கதவைத் தொட நீ யார்?" என்று கோழி கேட்பது போலவே இருந்தது. பெரியவள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த ஊசி எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை. மறுநாள் அது கொழுந்தனின் காலில்தான் கிடைத்தது.

அதற்குப் பிறகு ஒரு கோழிக்கு வாய்த்த முகம் இன்னொன்றுக்கு வரவில்லை. கோபக்காரி, சந்தேகக்காரி, பாதித் தூக்கத்தில் எழுந்தவள், விருந்தாளி எப்போது கிளம்புவார் என்று கடிகாரம் பார்ப்பவள் என்று ஒவ்வொன்றும் ஒரு ரகம். பெரியவளின் கணவர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் சாலையில் இருப்பவர். எட்டு வருடம் அந்தப் பின்னறையில் தையல் இயந்திரத்தின் சத்தம் மட்டும்தான் அவளுக்குத் துணை. இப்போது காலை பத்து மணிக்கே அறை இரண்டுபடுகிறது. இதற்காக அவள் தினமும் கடவுளுக்கு நன்றி சொன்னாள். வேண்டுதல் முடிந்து கண்ணைத் திறந்தால் எதிரே ஏதாவது ஒரு கோழி முறைத்துக்கொண்டிருக்கும், மறுபடியும் சிரிப்பு வந்துவிடும். கடவுள் இதையெல்லாம் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்று அவளுக்கு நம்பிக்கை இருந்தது.

அந்தச் சிரிப்புக்குத்தான் இப்போது ஆபத்து வந்தது. கொழுந்தன் லிஃப்ட் மெக்கானிக். அவனுக்கு ஓவர்டைம் நின்றுபோனது. பார்சல் கிடங்கு ஒன்றில் பேக்கிங் வேலை இருப்பதாகச் சின்னவளுக்குத் தகவல் வந்தது. வாரக் கூலி இரண்டாயிரத்து நானூறு. வருவதும் வராததும் சனிக்கிழமை மாலைக்குள் சூப்பர்வைசருக்குச் சொல்லியாக வேண்டும்.

"சனிக்கிழமை பரிசுச் சந்தையில நம்ம மேசை போடுறோம்ல?" என்றாள் சின்னவள். "அன்னைக்கு என் பங்கு அந்த வாரக் கூலி அளவுக்கு வந்துட்டா நான் இங்கயே இருக்கேன்க்கா. வரலைன்னா திங்கட்கிழமை கிடங்குக்குப் போறேன். மூஞ்சி தூக்கிக்கக் கூடாது."

"நான் எதுக்குடி மூஞ்சி தூக்குறேன்? மூஞ்சி உன் டிபார்ட்மென்ட்" என்றாள் பெரியவள். சொல்லிவிட்டு உள்ளே போய், தேவையே இல்லாமல் ஒரு பாத்திரத்தை மூன்று முறை கழுவினாள்.

புதன்கிழமை விலை போடும் மாநாடு கூடியது. கொழுந்தன் தலைமை.

"அண்ணி, எங்க கம்பெனில பார்ட்ஸ் தனி, லேபர் தனி. அப்படிப் போட்டாத்தான் கஸ்டமர் மதிப்பான்" என்றான் அவன். "பரிசுப் பொருளுக்கு விலை வைக்கிறது விளையாட்டில்ல. இருநூறுக்குக் கீழ போனா குடுக்கிறவனுக்குக் கூச்சம். ஐநூறத் தாண்டினா வாங்கிக்கிறவனுக்கு வயித்தக் கலக்கும், திருப்பி நாமளும் இந்த அளவுக்குச் செய்யணுமேன்னு. நடுவுல நிக்கணும்."

அவன் ஏற்கெனவே கைபேசியில் நேரம் பிடித்து வைத்திருந்தான். ஒரு கோழிக்கு நான்கு மணி நேரம்.

"அதுல ஒன்றரை மணி நேரம் சிரிப்பு" என்றான். "அத லேபர்ல சேர்க்க முடியாது."

"ஏன் சேர்க்க முடியாது? சிரிக்காமத் தச்சா கோழி உம்முன்னு வரும். உங்க ஆபீஸ் மேனேஜர் மாதிரி" என்றாள் சின்னவள்.

"மேனேஜர் முகத்துல ஒண்ணு செஞ்சு குடு. நானே ஐநூறு குடுத்து வாங்கி லிஃப்ட் கதவுல வைக்கிறேன்."

கடைசியில் முடிவானது இது. துணி, மணல், தையல் எல்லாம் சேர்த்து உடம்புக்கு நூற்றெண்பது. முகத்துக்கு நூற்றிருபது. ஆக மொத்தம் முந்நூறு. பார்ட்ஸ் தனி, லேபர் தனி என்ற கம்பெனி விதியின்படி கோழிக்கு இரண்டு சீட்டு. முக விலை கழுத்தில் தொங்கும், உடம்பு விலை வாலில் தொங்கும். பெரியவள் இருபத்துநான்கு வால் சீட்டு எழுதினாள். சின்னவள் இருபத்துநான்கு கழுத்துச் சீட்டு எழுதினாள். உலகத்தில் வேறு எந்தக் கடையிலாவது ஒரு பொம்மைக்கு இப்படி முன்னும் பின்னும் விலை தொங்கியிருக்குமா என்பது சந்தேகம்தான். ஆனால் அந்த வீட்டில் யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கோழிகள் நான்கு பழப்பெட்டிகளில் ஏறின. பெட்டிக்கு ஆறு, நெருக்கி நெருக்கி, தலை மேலே, வால் கீழே. சின்னவள் நூல் வாங்கக் கடைக்குப் போனாள். பெரியவள் தனியாக நின்று அந்த இருபத்துநான்கு முகங்களையும் பார்த்தாள். நல்ல நாளிலேயே ஒரு டஜன்தான் விற்கும். முகத்துக்கு நூற்றிருபது வீதம் பார்த்தால் சின்னவள் பங்கு ஆயிரத்தைந்நூறைக்கூடத் தொடாது. அப்படியானால் திங்கட்கிழமை அவள் போய்விடுவாள். இந்த அறையில் மறுபடியும் இயந்திரம் மட்டும் பேசும், கோழிகளுக்கு மறுபடியும் பொத்தான் கண்.

அவள் பேனாவை எடுத்தாள். ஒரு கழுத்துச் சீட்டைத் திருப்பினாள். 120. அந்த ஒன்றுக்கு மேலே ஒரு வளைவு, கீழே ஒரு கோடு. 220.

"கடவுளே, இது பொய்யில்ல" என்று முணுமுணுத்தாள். "அந்தப் புருவம் இருநூத்தி இருபது பெறும்னு உனக்கே தெரியும். அவதான் கம்மியா எழுதிட்டா. நான் எழுத்துப் பிழையத் திருத்துறேன், அவ்வளவுதான்." ஏழாவது சீட்டிலேயே கை பழகிவிட்டது. பன்னிரண்டாவதில் பாட்டு வந்துவிட்டது. இருபத்துநான்காவது கழுத்து, சந்தேகக்காரியுடையது. அது அவளையே பார்த்தது. "நீ வாயத் திறந்த, மணலெல்லாம் கொட்டிடுவேன்" என்று அதை மிரட்டிவிட்டுப் பெட்டியை மூடினாள்.

பிறருக்காகச் செய்கிற திருட்டு வேலையில் ஒரு துள்ளல் இருக்கிறது. அன்று முழுவதும் அவள் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டே இருந்தாள். விநோதம் என்னவென்றால் சின்னவளும் அப்படியேதான் இருந்தாள். வியாழக்கிழமை மதியத்திலிருந்தே அவளுக்கு அந்தச் சிரிப்பு. பெரியவள் அதைக் கவனித்தாள், ஆனால் தன் பூரிப்பில் ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

சனிக்கிழமை. ஒரு பெரிய கூடத்தில் நாற்பது மேசைகள். இவர்கள் பக்கத்து மேசையில் மெழுகுவர்த்திக்காரர். கூட்டம் வருவதற்கு முன்பே கோழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அந்த மூணாவது இருக்கே, அது என் மாமியாரு. அவங்களுக்குத் தெரியாம எப்படி மாதிரி எடுத்தீங்க?" என்று கேட்டார்.

முதல் ஆளாக வந்தவர் ஒரு பல் டாக்டரம்மா. கிளினிக்கில் கதவு அடித்துக்கொள்கிறதாம். கதவு அடிக்கும்போதெல்லாம் நாற்காலியில் இருக்கிற நோயாளி துள்ளுகிறாராம், டாக்டரம்மா ஊசியோடு காத்திருக்க வேண்டியிருக்கிறதாம். கோபக்காரியைத் தூக்கிப் பார்த்ததும் அவருக்குப் பிடித்துவிட்டது.

"எவ்வளவுங்க?"

"நானூறு!" என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில், ஒரே குரலில்.

பிறகு இருவரும் திரும்பி ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சின்னவள் முந்நூறு என்றல்லவா சொல்ல வேண்டும், இவளுக்கு எப்படி நானூறு தெரியும் என்று பெரியவளுக்குத் தலை சுற்றியது. சின்னவளின் கண்ணும் அதே கேள்வியோடு விரிந்து கிடந்தது, அவள் தைத்த கோழிகளுடையதைவிடப் பெரிதாக.

டாக்டரம்மா இதற்குள் கழுத்துச் சீட்டைப் படித்திருந்தார். கோழியைக் கவிழ்த்து வால் சீட்டையும் படித்தார். "முகத்துக்கு இருநூத்தி இருபது. உடம்புக்கு இருநூத்தி எண்பது. ஐநூறு ஆச்சே? நீங்க நானூறுன்னு சொல்றீங்க?"

"வால்ல நூத்தியெண்பதுங்க" என்றாள் பெரியவள்.

"கழுத்துல நூத்தியிருபதுங்க" என்றாள் சின்னவள்.

"இல்லையே" என்று டாக்டரம்மா இரண்டையும் காட்டினார்.

பெரியவள் வாலைப் பிடித்துப் பார்த்தாள். தன் கையெழுத்தேதான். ஆனால் அந்த ஒன்றுக்கு மேலே ஒரு வளைவு, கீழே ஒரு கோடு. சின்னவள் கழுத்தைப் பிடித்துப் பார்த்தாள். அங்கேயும் அதே வளைவு, அதே கோடு.

"அடிப் பாவி!" என்றாள் பெரியவள். "எப்ப செஞ்ச?"

"வியாழக்கிழமை மத்தியானம், நீங்க வேண்டிக்கிட்டிருந்தப்ப. நீங்க?"

"நீ நூல் வாங்கப் போனப்ப."

"ஏன்க்கா இப்படிச் செஞ்சீங்க?"

"உன் பங்கு கூலி அளவுக்கு வரணும்ல? நீ ஏன்டி செஞ்ச?"

சின்னவளின் குரல் சற்றுத் தாழ்ந்தது. "நான் போயிட்டா நீங்க தனியா விக்கணும். அந்த அரைக்காசுக்கே குடுத்துடுவீங்க. தையலுக்கு நல்ல விலை ஒண்ணு இப்பவே பழகிடுச்சுன்னா அப்புறம் யாரும் குறைக்கச் சொல்ல மாட்டாங்கன்னு நெனச்சேன்."

பெரியவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் எதிரே வாடிக்கையாளர் நிற்கிறார், கையில் இரண்டு கிலோ கோழி. கண்ணை ஒரு சிமிட்டில் சரிசெய்துகொண்டு நியாயம் பேசத் தொடங்கினாள். "டாக்டரம்மா, வால்ல இருக்கிற அந்த நூற எடுத்துடுங்க. நேராத் தைக்கிறது யாரு வேணாலும் தைக்கலாம். கழுத்துல இருக்கிறது சரியான விலை."

"அவங்க சொல்றதக் கேக்காதீங்க" என்று சின்னவள் குறுக்கே பாய்ந்தாள். "நாலு மணி நேரம் ஊசி ஏறாத துணியில குத்துறாங்க. விரலப் பாருங்க. கண்ணு தைக்கிறது ஒரு வேலையா? அந்தக் கழுத்து நூற எடுத்துடுங்க, வால்ல கை வைக்காதீங்க."

"முகம் இல்லாம இது வெறும் மணல் மூட்டைங்க!"

"உடம்பு இல்லாம முகத்த எங்க வைப்பாங்களாம், காத்துலயா?"

இரு கடைக்காரிகளும் தங்கள் விலையைத் தாங்களே குறைக்கச் சொல்லிக் கத்துவதை அந்தக் கூடம் அதுவரை பார்த்ததில்லை. நாலைந்து பேர் நின்றார்கள். பிறகு பத்துப் பதினைந்து பேர். மெழுகுவர்த்திக்காரர் தன் கடையை அப்படியே விட்டுவிட்டு நடுவராக வந்து நின்றார். "ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். வால் கட்சி ஒரு பக்கம் வாங்க, கழுத்துக் கட்சி இன்னொரு பக்கம்."

"நான் சொல்றேன்" என்றார் டாக்டரம்மா, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "அக்கா, இந்த முகத்துக்கு இருநூத்தி இருபது தகுமா, தகாதா?"

"தகும்ங்க. அதுக்கு மேலயே தகும்."

"நீங்க சொல்லுங்கம்மா. இந்தத் தையலுக்கு இருநூத்தி எண்பது?"

"கண்ண மூடிக்கிட்டுக் குடுக்கலாம்."

"அப்ப ஐநூறு. இதுல எனக்கு என்ன வேலை? நீங்களே சாட்சி சொல்லிட்டீங்க." அவர் ஐநூறை எடுத்து மேசையில் வைத்தார். இருவரும் அதைத் தொடவில்லை. தொட்டால் சுடும் என்பது போல நின்றார்கள். கடைசியில் மெழுகுவர்த்திக்காரர்தான் எடுத்து டப்பாவில் போட்டார்.

தன் உழைப்பை அளக்கும்போது மனிதனுக்குக் கை சுருங்கிவிடுகிறது, அன்பு வைத்த ஒருவர் அளந்தால்தான் அளவு சரியாக வருகிறது. பெரியவள் இதையெல்லாம் யோசிக்கவில்லை. அவளுக்கு யோசிக்க நேரமில்லை. கூட்டம் அப்படி.

ஒவ்வொருவரும் கோழியைத் தூக்கிக் கழுத்தைப் படித்தார்கள், கவிழ்த்து வாலைப் படித்தார்கள், படித்துவிட்டுச் சிரித்தார்கள். "முகத்துக்குத் தனி விலையா? என் முகத்துக்கு எவ்வளவு போடுவீங்க?" என்று ஒருவர் கேட்டார். அவர் மனைவி, "அதுக்கு நாமதான் காசு குடுக்கணும்" என்று இழுத்துக்கொண்டு போனாள். போன வேகத்தில் திரும்பி வந்து பாதித் தூக்கக்காரியை வாங்கினாள். எல்லாரும் வாங்கிவிடவில்லை. ஐநூறா என்று கோழியை மெதுவாக இறக்கி வைத்துவிட்டு நகர்ந்தவர்களும் நிறையப் பேர். அப்படி ஒருவர் நகரும்போதெல்லாம் பெரியவளின் கை கத்தரிக்கோலுக்குப் போகும். சின்னவள் அந்தக் கையைப் பிடித்துக்கொள்வாள்.

மதியம் சீருடையோடு ஒரு பேருந்து ஓட்டுநர் வந்தார். மகள் மேல்மாடி வீட்டுக்குக் குடிபோயிருக்கிறாளாம், அங்கே காற்று பேய்க்காற்றாம். சட்டைப் பையைத் துழாவினார். "நானூறுதான் இருக்கு. பரவால்ல, இன்னொரு நாள் பாக்கறேன்" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் பெரியவள் வால் சீட்டைக் கத்தரித்தாள், சின்னவள் கழுத்துச் சீட்டைக் கத்தரித்தாள்.

"நூத்தியெண்பது!"

"நூத்தியிருபது! முந்நூறு குடுங்கண்ணா, போதும்."

"நான் நானூறு இருக்குன்னுதானே சொன்னேன்? நானூறுக்குக் குடுங்க, முந்நூறுக்கு வேணாம்" என்று ஓட்டுநர் கோபித்துக்கொண்டார். மீதி நூறை வாங்கவே மாட்டேன் என்று கோழியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடையைக் கட்டினார். அவ்வளவு பெரிய மனிதர் ஒரு கோழியைப் பிள்ளைபோல இடுக்கிக்கொண்டு போவதை வாசல்வரைக்கும் பார்த்து இவர்கள் சிரித்தார்கள். பெரியவள் அவருக்காக மனத்துக்குள் ஒரு சின்ன வேண்டுதலும் சொன்னாள்.

நான்கு மணிக்குக் கொழுந்தன் வேலை உடுப்போடு நேராக வந்தான். நடந்ததை மெழுகுவர்த்திக்காரர் நடித்தே காட்டினார். கொழுந்தன் ஒரு சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "எங்க கம்பெனில திருத்தம் பண்ணா ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்" என்று மட்டும் சொன்னான். பிறகு மேசையில் மிஞ்சிய கோழிகளை எண்ணினான்.

பதினைந்து. போனது ஒன்பது.

பெரியவளுக்கு அப்போதுதான் காலையிலிருந்து மறந்திருந்தது நினைவுக்கு வந்தது. ஒன்பது முகம். இருநூற்றிருபது வீதம் போட்டாலும் இரண்டாயிரத்தைக்கூட எட்டாது. கிடங்கின் கூலி இரண்டாயிரத்து நானூறு. கூடத்தின் வெளிச்சம் குறைந்துபோனது போல இருந்தது.

சின்னவள் கைபேசியை எடுத்து மேசையில் வைத்தாள். உடனே யாரையும் அழைக்கவில்லை.

"அக்கா, என் வேலைக்கு விலை போடுற ஆளு நீங்கதான். இன்னைக்கு அது நல்லாத் தெரிஞ்சுபோச்சு. நீங்களே சொல்லுங்க. கூலி அளவுக்கு வந்துச்சா?"

தன் பங்கிலிருந்து ஐந்நூறை எடுத்துச் சேர்த்து, "வந்துருச்சு" என்று சொல்லிவிட எவ்வளவு நேரமாகும்? வளைவு போடுகிற நேரம்கூட ஆகாது. பெரியவள் டப்பாவைப் பார்த்தாள். சின்னவளின் முகத்தைப் பார்த்தாள். சீட்டில் திருத்தியபோது அது எழுத்துப் பிழைதான் என்று கடவுளிடம் சொல்ல முடிந்தது. இது பிழை இல்லை. இது அவள் குடும்பம், அவள் முடிவு.

"வரலடி" என்றாள். "ஐந்நூறு கிட்டக் குறையுது."

சொல்லி முடித்ததும் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள். கொழுந்தன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

சின்னவள் தலையை ஆட்டினாள். எழுந்து நான்கு எட்டு நடந்து சூப்பர்வைசரை அழைத்தாள். பெரியவளுக்கு அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. குரல் நன்றாகக் கேட்டது.

"சார், திங்கட்கிழமை நான் வரலைங்க... ஆமாங்க, நல்லா யோசிச்சிட்டேன். வேற இடத்துல கிடைச்சிருச்சு... சம்பளமா? புதன்கிழமை ஒரு முகம் நூத்தியிருபதுங்க. இன்னைக்கு இருநூத்தி இருபது. இன்னும் ஏறும்னு நெனைக்கிறேன், எங்க முதலாளியம்மாவுக்குக் கை கொஞ்சம் நீளம்... இல்லைங்க, இந்த வாரம் பத்தல. உங்க கூலியவிட ஐந்நூறு கிட்டக் கம்மிதான். ஆனா பல் டாக்டரம்மா கிளம்புறப்போ எங்கிட்டத் தனியா ஆறு சொல்லிட்டுப் போயிருக்காங்க, அவங்க நர்சுங்களுக்குப் பரிசாக் குடுக்கறதுக்கு. அடுத்த வாரக் கூலி இப்பவே பாதி தேறிடுச்சுங்க."

"ஆறா?" என்று பெரியவள் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். "எப்ப சொன்னாங்க? ஏன்டி எங்கிட்டச் சொல்லல?"

சின்னவள் கைபேசியைக் கையால் மூடிக்கொண்டு திரும்பினாள். "நீங்க அப்ப அந்த ஐநூறு விழுந்த டப்பாவையே பாத்துக்கிட்டு நின்னீங்க!"

"சொல்லியிருந்தா எனக்கு இவ்வளவு நேரம் நெஞ்சு அடிச்சிருக்காதுல்ல!"

"நீங்க நெசத்தச் சொல்லுவீங்களான்னு பாத்தேன்க்கா." அவள் கண் கலங்கியிருந்தது, வாய் மட்டும் சிரித்தது. "நீங்க 'வந்துருச்சு'ன்னு சொல்லியிருந்தா எனக்கு மனசு ஒப்பியிருக்காது. உங்களுக்குப் பாரமா இருக்கேனோன்னு நெனச்சுக்கிட்டே கிடங்குக்குப் போயிருப்பேன்."

கைபேசிக்குள்ளிருந்து சூப்பர்வைசர் ஏதோ உரக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். சின்னவள் அதை மறுபடியும் காதில் வைத்தாள். "சொல்லுங்க சார்... என்ன பொருளா? கோழிங்க. இல்லைங்க, கறிக்கோழி இல்ல. கதவுக்கு."

பெரியவள் பழப்பெட்டியின் மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பியது, நிற்கவில்லை. கொழுந்தனுக்கும் தொற்றியது. மெழுகுவர்த்திக்காரருக்கு எதற்கு என்று தெரியவில்லை, ஆனாலும் அவரும் சிரித்தார். அப்போது ஒரு பெண்மணி வந்து சந்தேகக்காரியைத் தூக்கிக்கொண்டு, "இது என்ன விலைங்க?" என்று கேட்டாள்.

மூச்சு வாங்கிக்கொண்டே பெரியவள் கையை உயர்த்தினாள். காது மடல் சிவக்கவில்லை. "முகத்துக்கு நான் சொல்றேங்க. இருநூத்தி இருபது, ஒரு காசு குறையாது. உடம்புக்கு அவகிட்டக் கேளுங்க. போன் பேசிட்டு வந்துடுவா."